பேண்ட் சைஸ் 34தான், ஆனா டேப் காட்டினது 39

தையல்காரர், திண்டுக்கல்:
சுகர் இருக்குன்னு முதல்ல எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டிருக்கீங்க. என்னைக் காட்டிக் கொடுத்தது இஞ்ச் டேப்தான். இருபத்தாறு வருஷமா அடுத்தவங்க இடுப்பை அளக்கிறவன் நான். கல்யாணத்தப்போ என் பேண்ட் 32, இப்போ 34. ரெண்டே இஞ்ச்தானேன்னு இருந்துட்டேன்.

போன வருஷம் ஒரு முகாம்ல நர்ஸம்மா டேப்பை எடுத்தாங்க. பேண்ட் நிக்கிற இடத்துல வைக்கல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல வச்சு, மூச்சை மெதுவா விடச் சொல்லி அளந்தாங்க. 99 செ.மீ. நம்ம கணக்குல 39 இஞ்ச்! தொப்பை வளர வளர பேண்ட் கீழ இறங்கிட்டே போயிருக்கு. முன்னாடி தொப்புள்கிட்ட நின்னது, இப்போ தொப்பைக்கு அடியில. தொப்பைக்காரங்களுக்கு முன்பக்கத்தை இறக்கி வெட்டிக் கொடுத்தே பழகினவன், எனக்கும் அப்படித்தான் வெட்டிக்கிட்டிருக்கேன்னு உறைக்கல.

நம்ம ஆம்பளைங்களுக்கு 90, பொம்பளைங்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாதாம். அங்கேயே ரத்தம் எடுத்தாங்க. வெறும் வயித்துல 138, மூணு மாச சராசரி சுகர் 7.4, டிரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பு 240, நல்ல கொழுப்பு 34தான். பிரஷர் 150/96. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு டாக்டர்கிட்ட போகணுமோன்னு பயந்தேன். டாக்டர் சிரிச்சிட்டார். எல்லாம் ஒரு வேர்ல இருந்து வர்றதாம். குடலையும் ஈரலையும் சுத்திப் படியிற கொழுப்பு இருக்கே, அது கூடிப்போச்சுன்னா இன்சுலின் சுரந்தும் சரியா வேலை செய்யாது. தொடையில சேர்ற கொழுப்பு அவ்வளவு கெடுதல் பண்றதில்லையாம்.

அப்பாவுக்கும் சுகர் இருந்தது, அதைக் குத்தம் சொல்லித் தப்பிக்கலாம். ஆனா கால்மிதி மெஷினுக்கு மோட்டார் மாட்டினது யாரு? அதுவரைக்கும் நாள் பூரா காலாவது ஆடிட்டிருந்துச்சு. மோட்டார் வந்த பிறகு டீதான் வேலை செஞ்சது, ஆறு கிளாஸ், ரெண்டு ஸ்பூன் சக்கரையோட.

ரெண்டு பிள்ளைங்க அம்மா, மதுரை:
எனக்குக் கழுத்து. பின்கழுத்துல கருப்பா, வெல்வெட் துணி மாதிரி தடிச்சு இருக்கும். அழுக்குன்னு பயத்தமாவு, எலுமிச்சம்பழம், கடைசில பாத்திரம் தேய்க்கிற நார் வரைக்கும் போட்டுத் தேய்ச்சேன். தோல் உரிஞ்சதுதான் மிச்சம். தோல் டாக்டர் க்ரீம் எழுதல. “ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க”ன்னாங்க. மூணு மாச சுகர் 6.1. இன்னும் சுகர் இல்ல, ஆனா வாசல்ல நிக்குது (5.7க்குக் கீழ இருக்கணும், 6.5 தொட்டா சுகர்).

முதல் பிரசவத்துல சுகர் இருந்துச்சு. குழந்தை பிறந்ததும் போயிடுச்சு, போனது போனதுன்னு விட்டுட்டேன். அப்படி வந்தவங்க ஆயுசுக்கும் டெஸ்ட் பண்ணிட்டே இருக்கணும்னு டிஸ்சார்ஜ் பண்றப்போ சொன்னாங்கதான். கைக்குழந்தையை வச்சுக்கிட்டு யாருக்கு அது ஞாபகம் இருக்கும்? எட்டு வருஷம் ஓடிப்போச்சு.

இரவு ஷிப்ட், ஓசூர்:
எனக்குப் பிரஷர் 160/100ன்னு வந்துச்சு. மாடி ஏறி, காபி குடிச்சிட்டு, போன்ல பேசிட்டே கையை நீட்டினேன். அப்புறம் ஒரு வாரம் தினமும் அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து, காலைத் தரையில ஊனி, வாயை மூடிட்டுப் பார்த்தேன். மேல் எண் 142, 144. குறைஞ்சுதுன்னு சந்தோஷப்பட்டேன். டாக்டர் படல. “அப்பவும் பிரஷர்தான் தம்பி.”

மாத்திரை கொண்டு போறவ, தர்மபுரி பக்கம்:
சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுக்கிற தமிழ்நாடு அரசுத் திட்டம் மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்க. அதுல வீடு வீடாப் போறேன். தையல்கார அண்ணே, தொப்பையை மட்டும் பார்க்காதீங்க. எங்க தெருவுல ஒரு பெரியவர், ஒட்டின வயிறு, காடு மேடெல்லாம் சுத்துற ஆளு. ஆனா பீடி ஓயாது. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தா பாதி வழியில வலது கெண்டைக்கால் பிடிச்சிக்கும். ரெண்டு நிமிஷம் நின்னா சரியாயிடும், மறுபடி நடந்தா அதே இடத்துல பிடிக்கும். நரம்பு பிசகுன்னு ஆறு மாசம் எண்ணெய் தேய்ச்சிருக்காரு.

நான் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் முதல்ல செருப்பைக் கழட்டச் சொல்லி, பாதத்து மேல விரலை வச்சுப் பார்த்தாரு. இடதுல நாடி துடிச்சது. வலதுல இல்ல. கால் ரத்தக் குழாய் அடைச்சிருக்கு. இது கால்ல மட்டும் நிக்காது, இதயத்துலயும் மூளையிலயும் இதே வேலை நடந்துட்டிருக்கும்னு சொன்னாரு. பெரியவர் பீடிக்கட்டை டாக்டர் மேசையிலயே வச்சிட்டாரு. (மறுநாள் புதுக்கட்டு வாங்கினது வேற கதை. இப்ப மூணாவது தடவையா விட்டிருக்காரு.)

இன்னொரு வீட்ல, நான் கொடுத்த பிரஷர் மாத்திரையெல்லாம் சாமி படத்துக்குப் பின்னாடி டப்பாவுல. “நார்மல் ஆயிடுச்சேம்மா, எதுக்கு?” நார்மல் ஆனதே மாத்திரையாலதான் தாத்தா.

தையல்காரர், திண்டுக்கல்:
தங்கச்சி, படிச்சதும் கடையிலயே செருப்பைக் கழட்டிப் பார்த்தேன். இடதுல உடனே கிடைச்சது. வலதுல கொஞ்சம் தேட வேண்டியிருந்துச்சு. செவ்வாய்க்கிழமை காட்டப் போறேன்.

எனக்கே ஒரு பேண்ட் தைச்சிருக்கேன். 37, தொப்புள்கிட்ட நிக்கும். பழைய 34ஐப் பையன் கேட்டான், கொடுத்துட்டேன்.