புதுப்பிப்பு: கூரைக்குப் பழைய ஓடுதான்

ஆஸ்பெஸ்டாஸ் கூரையை எடுத்துவிட்டு, சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைவாக எதைப் போடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இடிக்கப்பட்ட கட்டடத்திலிருந்து கழற்றிய களிமண் ஓடுகளைப் போடுகிறோம். புது ஓட்டைச் சூளையில் சுட எரிபொருள் வேண்டும். பழைய ஓட்டுக்கு அந்தச் செலவு எப்போதோ முடிந்துவிட்டது. வெடிப்பில்லாத ஓடு இன்னும் பல பத்தாண்டுகள் உழைக்கும். எடை அதிகம் என்பதால், மரச்சட்டங்கள் தாங்குமா என்று பொறியாளரிடம் காட்டிய பிறகே முடிவு செய்தோம்.

ஓடு கிடைக்காதவர்களுக்கு வெளிர்நிற எஃகுத் தகடு நல்லது. எஃகைத் திரும்பத் திரும்ப உருக்கிப் பயன்படுத்தலாம். அடர்நிறம் மட்டும் வேண்டாம்: கடும் வெயிலில் அந்தக் கூரை 65 டிகிரி செல்சியஸ் வரைகூடச் சூடாகும். தார் ஷிங்கிள் (தார் பூசிய மெல்லிய கூரை வில்லை) பெட்ரோலியத்தில் செய்வது, ஆயுளும் குறைவு. அதை விட்டுவிட்டேன்.

அப்புறம், பழைய ஆஸ்பெஸ்டாஸ். தயவுசெய்து நீங்களே உடைக்காதீர்கள், துளை போடாதீர்கள். அதன் இழைகள் நுரையீரலில் தங்கினால் புற்றுநோய் வரலாம். எங்களுக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வருகிறார்கள். தகட்டை நனைத்து, உடையாமல் இறக்கி, கெட்டியான பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப் போவார்கள். அது முடிந்த பிறகுதான் ஓடு வேயும் வேலை.