டிப்பருக்குக் கழற்றி மாட்டுகிற சிப்ஸ் பெட்டி, அவசர உதவி

கொட்டகலை லொறி:
வணக்கம். டிப்பரில் மரச் சிப்ஸ் ஏற்ற ஒரு பெட்டி செய்ய வேண்டும். கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், ஏனென்றால் வாரத்தில் பாதி நாள் அதே டிப்பர் மணலுக்கும் கல்லுக்கும் போகிறது. எத்தனை அடி உயரம் வைக்கலாம், தகரம் எத்தனை மில்லி, எப்படிப் பிடித்து நிறுத்துவது? வெல்டிங்காரர் திங்கட்கிழமை வருகிறார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பட்டறை ஆள்:
எந்த டிப்பர் தம்பி? எல்ஃபா, கென்டரா, டாட்டாவா? பொடி, அதாவது பின்தொட்டி, நீளம் அகலம்? பக்கப் பலகை மடிகிறதா, நிரந்தரமாக வெல்ட் செய்ததா? இது தெரியாமல் தகரத்துக்கு அளவு சொல்ல முடியாது.

சவுக்குத்தோப்பு:
கிளையை நறுக்கிச் சிப்ஸாக ஊதுகிற சிப்பர் மெசினை லொறிக்குப் பின்னால் கொளுவி இழுக்கிறீர்களா, தனியாக நிற்கிறதா? என்ன மரம், பச்சையா காய்ந்ததா?

ராகலை டிரைவர்:
இரும்பே வேண்டாம் அண்ணே. யூக்கலிப்டஸ் ஈரம் தகரத்தைக் கறுப்பாக்கித் தின்றுவிடும். 12 மில்லி மரைன் பிளைவூட் அடியுங்கள், பாரமும் குறைவு.

கோவா லோட்:
இவ்வளவு செலவு எதற்கு? நாங்கள் கோவா (முட்டைக்கோஸ்) ஏற்றுகிற லொறிக்குக் கம்பிக் கிராதி உயர்த்தி வலை கட்டுகிறோம். அதையே செய்யுங்கள்.

பட்டறை ஆள்:
கோவா உருண்டு நிற்கும், சிப்ஸ் பக்கத்தைத் தள்ளும். மெசினிலிருந்து வேகமாக வந்து அடிப்பது வேறு. கிராதி முதல் லோட்டிலேயே வயிறு தள்ளி நிற்கும்.

கொட்டகலை லொறி:
எல்ஃப். 10க்கு 6 அடி, பலகை ஒன்றரை அடி உயரம், நிரந்தரம். பச்சைக் கிளைகள், கிராண்டிஸ் யூக்கலிப்டஸும் சவுக்கும். மெசின் பின்னால் கொளுவித்தான் போகும்.

பழைய கை:
முதல் பதிவிலேயே இதை எழுதியிருந்தால் இத்தனை பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் சொல்லியிருக்க மாட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் கேள்வி கேட்கவாவது பழகிக்கொள்ள வேண்டும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பெட்டி கட்டுகிறவர்கள் எல்லாரும் எவ்வளவு ஏறும் என்றுதான் பார்க்கிறார்கள், எப்படி இறங்கும் என்று பார்ப்பதில்லை. பலகைக்கு மேல் மூன்றரை அடி உயர்த்தினால் உள்ளே ஐந்து அடி, அதாவது 300 கன அடி, நூறு கன அடி ஒரு கியூப் என்றால் மூன்று கியூப். மணல் கியூப்புக்கு நாலரை டன் வரும், பச்சைச் சிப்ஸ் ஏறத்தாழ ஒரு டன்தான், அதனால் லேசு என்று நினைத்து உயர்த்திக்கொண்டே போவார்கள், அப்புறம் மழையில் நனைந்த லோட்டோடு வளைவில் திரும்பும்போது பொடி ஒரு பக்கம் சாயும், அப்போதுதான் உயரம் என்றால் என்னவென்று தெரியும். இரண்டரை அடிக்கு மேல் உயர்த்த வேண்டாம். பதிவுச் சான்றிதழில் உள்ள எடையைப் பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.

பின்பக்கம்தான் முக்கியம். டிப்பரின் பழைய கதவை வைத்துக்கொண்டு மேலே தகரத்தை மூடினால், ஒன்றரை அடி வாய் வழியாக எதுவும் வராது. சிப்ஸ் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வளைவு கட்டி நிற்கும். பழைய கதவைக் கழற்றிவிட்டு, அடியிலிருந்து உச்சி வரை இரண்டு கதவு, பக்கவாட்டில் திறந்து பக்கச் சுவரோடு கொக்கி போட்டு மாட்டுகிற மாதிரி. மெசின் ஊதும்போது மேல்பாதி திறந்திருக்க வேண்டும், ஆகவே கதவை மேலும் கீழுமாக வெட்டுங்கள். கொட்டும்போது மெசினைக் கழற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும். இன்னொன்று: உள்ளே தகரம் பலகையோடு சமமாக இருக்க வேண்டும், ஒரு அங்குலம் நீட்டினாலும் அந்தப் படியில் தொங்கும். தாங்குகிற இரும்புப் பார்கள் எல்லாம் வெளிப்பக்கம். கொட்டாமல் முன்பக்கம் ஒட்டி நின்றால் மேலும் மேலும் தூக்காதீர்கள், இறக்கிவிட்டுக் குத்துங்கள். சரிவான தரையில் தூக்கியபடி முன்னே பின்னே ஆட்டினால் லொறியே புரளும்.

பட்டறை ஆள்:
கடைசி வரி நூற்றுக்கு நூறு. மாட்டுவதற்கு என் வழி: பலகைக்கு வெளியே ஆறு இடத்தில் 50க்கு 50 பொக்ஸ் பாரைத் துண்டு துண்டாக நிறுத்தி வெல்ட் செய்து, பெட்டியின் 40க்கு 40 கால் அதற்குள் இறங்கட்டும், குறுக்கே 12 மில்லி பொல்ட். கொஞ்சம் லூசாகவே விடுங்கள். கல் ஏற்றி ஏற்றிப் பலகை வளைந்த பிறகு, இறுக்கமாகச் செய்த கால் உள்ளே போகவே போகாது. ஒரே பெட்டியாகச் செய்யாமல் நான்கு துண்டாகச் செய்யுங்கள், 1.6 மில்லி தகரத்தில் பக்கத் துண்டு பாரோடு சேர்ந்து 60, 70 கிலோ வரும், இரண்டு பேர் தூக்கலாம். மேல் விளிம்பில் இரண்டு சுவரையும் இழுத்துப் பிடிக்க ஒரு சங்கிலி. முன்சுவரின் மேல்பகுதியில் தகரத்துக்குப் பதில் வலை, இல்லாவிட்டால் காற்று வெளியேற வழியின்றித் தூசி எல்லாம் மெசினில் கிளை போடுகிறவர் முகத்துக்கே திரும்பும்.

ராகலை டிரைவர்:
பிளைவூட் என்றால் இன்னும் லேசு. யாரும் கேட்க மாட்டீர்கள்.

சவுக்குத்தோப்பு:
சிப்ஸ் எங்கே போகிறது? தேயிலை பெக்டரி அடுப்புக்கு என்றால் பெட்டிக்கு முன்னால் அதைப் பேசுங்கள். கையால் விறகு போடுகிற அடுப்பில் சிப்ஸ் தட்டில் படிந்து காற்றை அடைக்கும், பாதி கம்பி இடுக்கில் விழும். தானாக ஊட்டுகிற தொட்டி இருந்தால்தான் சரி.

கோவா லோட்:
கட்டைக்கு மேலே கொஞ்சம் தூவினால் நன்றாகத்தானே எரிகிறது. நேரில் பார்த்திருக்கிறேன்.

சவுக்குத்தோப்பு:
பச்சைச் சிப்ஸில் பாதி எடை தண்ணீர். எரிவது உங்கள் கட்டை, சிப்ஸ் இல்லை.

கோவா லோட்:
அப்போ நான் பார்த்தது பொய்யா? தேயிலைக்கு அடுப்பு வைத்தவர்கள் எல்லாம் முட்டாள்களா?

பழைய கை:
கேட்டவர் பெட்டி கேட்டார். அடுப்புக்குத் தனி இழை திறங்கள்.

சவுக்குத்தோப்பு:
ஸ்ட்ரோபெரி பாத்திக்குப் போடுவதென்றால் வேறு கதை. மண்ணில் கலக்காமல் மேலே மட்டும் பரப்புங்கள், கலந்தால் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும்.

கோவா லோட்:
இப்போ ஸ்ட்ரோபெரிக்குப் போயாச்சு!

கொட்டகலை லொறி:
நன்றி. நான்கு துண்டாகச் செய்தாச்சு, இரண்டரை அடி, கதவு இரண்டும் பக்கவாட்டில். முதல் லோட் இறங்கியது, முன்மூலையில் மட்டும் கொஞ்சம் ஒட்டியது. படங்கு போட இன்னும் வளையம் வைக்கவில்லை.

பட்டறை ஆள்:
மூலையில் தகரத்தை சரிவாக மடித்துப் போடுங்கள், ஒட்டாது. உள்ளே என்ன பெயிண்ட் அடித்தீர்கள்?

ராகலை டிரைவர்:
பிளைவூட் என்றால் பெயிண்ட் பிரச்சினையும் இல்லை.