இம்பாஸ்ரோ: ‘புடைதீற்றல்’ என்னும் சொல்லை முன்வைத்து

அன்புடையீர்,

வணக்கம். வண்ணத்தைத் தடிப்பாக, தடம் எழுந்து நிற்கும்படி வைக்கும் முறையைக் குறிக்கும் ‘இம்பாஸ்ரோ’ என்னும் ஓவியச் சொல்லுக்குத் தமிழில் ஈடாக ஏற்கெனவே முன்வைக்கப்பட்ட ‘தடிப்பூச்சு’, ‘அப்பல்’ ஆகிய இரண்டையும், திருகோணமலையில் எண்ணெய் வண்ணம் பயிலும் மாணவருக்கு எது உதவும் என்ற நோக்கில் எண்ணிப் பார்த்து, மூன்றாவதாகப் ‘புடைதீற்றல்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

‘தடிப்பூச்சு’ போதாது. சுவருக்கு மூன்று முறை பூசினாலும் பூச்சுத் தடிக்கும். ஆனால் அது வழுவழுப்பாகவே இருக்கும். நாம் பெயரிட விரும்புவதோ, தூரிகையோ கத்தியோ விட்டுச் சென்ற தடம் அழியாமல் கன்வஸிலிருந்து எழுந்து நின்று, ஒளியைத் தன்மேல் வாங்கித் தனக்கென ஒரு சிறு நிழலையும் வீழ்த்தும் வண்ணத்தை.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது நகரக் காட்சியொன்றைப் பார்த்து வரையும் பயிற்சியில் தெளிவாகும். பிரான்சின் ஆர்ல் நகரிலுள்ள இரவுநேரக் காப்பிக் கடையை ஒல்லாந்து ஓவியர் வான் கோ 1888 செப்டெம்பரில் தீட்டிய ஓவியத்தை மாணவர் பெரும்பாலும் அச்சுப் படியிலிருந்தே பின்பற்றுகின்றனர். விளக்கின் மஞ்சளும் வானின் நீலமும் அச்சில் ஓரளவு வந்துவிடுகின்றன. மேற்பரப்பின் மேடுபள்ளம் வருவதில்லை. ஆகவே நிறங்களைச் சரியாகப் பிடிக்கும் மாணவர், தனித்தனித் தீற்றல்களாக நிற்க வேண்டிய கல்பாவிய தெருவை மென்தூரிகையால் தடவிச் சமப்படுத்திவிடுகிறார். தெரு உயிரிழந்து போகிறது. கறுப்பே இல்லாமல் இரவைத் தீட்டியதாக வான் கோ தம் தங்கைக்கு எழுதிய செய்தியைச் சொன்னால் உடனே விளங்கிக்கொள்ளும் அதே மாணவருக்கு, மேற்பரப்பின் மேடுபள்ளம் பற்றிய இந்த இரண்டாவது பாடத்தைச் சொல்லிக் கொடுக்க நம்மிடம் சொல் இல்லை.

‘அப்பல்’ எனக்கு விருப்பமான சொல். திருநீற்றைப் பூசுகிறோம், சந்தனத்தை அப்புகிறோம் என்று பேச்சுவழக்கே வேறுபாட்டைக் காத்து வைத்திருக்கிறது. ஆயினும் ‘அப்புதல்’ என்றால் அளவுமீறல் என்ற சாயல் ஒட்டிக்கொள்கிறது. ஒளி விழும் இடத்தில் வண்ணத்தைத் திரட்டி, நிழலை மெல்லியதாகவே விட்ட ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்டின் கட்டுப்பாட்டுக்கு அது பொருந்தாது.

‘புடைப்புச் சிற்பம்’ ஏற்கெனவே வழக்கில் உள்ளதால் ‘புடை’ என்பது எழுந்து நிற்றலை எளிதாக உணர்த்தும். ‘தீற்றல்’ தூரிகைத் தடத்துக்கு ஓவியர் சொல்லும் சொல். வினைத்தொகையாதலால் இடையில் வல்லினம் மிகாது. வகுப்பில் கூறக்கூடிய வாக்கியங்களில் இதை வைத்துப் பார்க்கலாம்: “உட்துறைமுக வீதியின் விளக்குகளைப் புடைதீற்றலாக வை, பின்னாலுள்ள நீரை மெல்லிதாக விடு.” “புடைதீற்றலை இறுதியில் வை.” இரண்டாவது வாக்கியத்துக்குக் காரணம் உண்டு: எண்ணெய் வண்ணத்தைக் குழைக்கப் பயன்படும் ஆளிவிதை எண்ணெய் ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்தே இறுகுகிறது, தடித்த வண்ணத்தின் மேற்புறம் முந்தி இறுக, உட்புறம் நெடுநாள் ஈரமாகவே இருக்கும். அதன்மேல் விரைந்து உலரும் மெல்லிய பூச்சை ஏற்றினால் பின்னர் வெடிப்பு விழ வாய்ப்புண்டு.

கத்தியால் வைத்ததையும் ‘தீற்றல்’ எனலாமா என்று கேட்கப்படலாம். சுவரில் சுண்ணச்சாந்து பூசுவதையும் தீற்றுதல் என்றே நம் முன்னோர் வழங்கியுள்ளனர்; எனவே இரு கருவிகளுக்கும் ஒரே சொல் போதும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளோர், தாம் விரும்பும் சொல்லை மேற்கண்ட இரு வாக்கியங்களிலும் இட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.