கிளாக் 17 கைத்துப்பாக்கி: ஈயக் குண்டுக்காகப் பேரல் (குழல்) மாற்றலாமா?

டெக்சாஸில் இருக்கிறேன். கிளாக் 17, நான்காம் தலைமுறை, 9 மி.மீ. செம்பு உறையிட்ட குண்டில் ஒரு குறையும் இல்லை. செலவைக் குறைக்க, கோடையிலிருந்து வார்த்த ஈயக் குண்டை வைத்து நானே தோட்டா நிரப்புகிறேன். ஒரு பெட்டி முடிவதற்குள் 25 கெஜத்தில் அடி சிதறுகிறது; சேம்பரை (தோட்டா அமரும் அறை) ஒட்டிப் பேரலுக்குள் சாம்பல் நிறத்தில் ஈயப் படலம். இந்தப் பேரலின் உட்புறம் வளைவான பலகோண வடிவம், ஈயம் வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். படலம் ஏறினால் அழுத்தமும் ஏறுமே, அதுதான் பயம்.

கெட்டியான ஈயக் கலவை, வெண்கல பிரஷ் எல்லாம் பார்த்தாச்சு. பாலிமர் பூசிய குண்டில் படலம் குறைந்தது, போகவில்லை. உள்ளே சாதாரணச் சுருள் பள்ளம் வெட்டிய வேறு பேரல் கிடைக்கிறது. ஆனால் அவற்றில் பலவற்றின் சேம்பர் இறுக்கமாம்.

ஈயத்துக்காகவே பேரல் மாற்றியவர்கள் சொல்லுங்கள்: கையால் நிரப்பிய தோட்டா சிக்காமல் ஓடுகிறதா?