ஸ்ட்ரோக் வந்த அப்பாவை டிஸ்சார்ஜ் பண்றாங்க, ரீஹேப் பெட் எங்கதான் கிடைக்கும்?

மாயவரத்தான்:
அப்பாவுக்கு 67 வயசு, ஸ்ட்ரோக் வந்து இன்னையோட 11 நாள். இடது கை கால் வரல, மூக்கு ட்யூப் வழியாதான் கஞ்சி போகுது. நேத்து ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் இனிமே இங்க பண்றதுக்கு ஒண்ணும் இல்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் பிசியோ குடுங்கன்னுட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரி சீட்டுல கடைசி வரி "பிசியோதெரபி தொடரவும்", அவ்ளோதான். எங்க தொடர? வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அம்மாவுக்கு முட்டி வலி. தங்க வச்சு பிசியோ குடுக்குற ரெண்டு ரீஹேப் சென்டருக்கு போன் போட்டேன், ஒண்ணுல வெயிட்டிங், இன்னொண்ணுல நாள் வாடகையைக் கேட்டதும் வச்சுட்டேன்.

பிசியோ அக்கா:
தம்பி, நான் பல வருஷமா இந்த வேலைதான். அவங்களையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது, அந்த பெட்டுக்கு கேஷுவாலிட்டில ஆள் காத்துக்கிட்டு இருக்கும். ஆனா கை கால் திரும்பி வர்றது பெரும்பாலும் முதல் மூணு மாசத்துலதான், அந்த மூணு மாசத்துக்குப் போய் இருக்கத்தான் இடம் கிடைக்க மாட்டேங்குது. சென்னை கே.கே.நகர்ல அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கு, கேட்டுப் பாருங்க. வேலூர் சிஎம்சியோட பாகாயம் சென்டர் 1966லேர்ந்து இருக்கு, கார் விபத்துல தன்னோட கால்களே செயலிழந்து போன டாக்டர் மேரி வர்கீஸ் ஆரம்பிச்சது. ரெண்டும் உங்களுக்குத் தூரம்தான். இப்போதைக்கு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவத்துக்குப் பேர் குடுங்க, பிசியோ வீட்டுக்கே வருவாங்க, ஆனா ஒருத்தரே பல ஊர் பாக்கணும், தினமும் எதிர்பாக்காதீங்க.
முக்கியமா, தூக்குறப்போ வராத கையைப் பிடிச்சு இழுக்கவே கூடாது, தோள் மூட்டு இறங்கிடும். இடுப்புல துண்டைச் சுத்திப் பிடிச்சுத் தூக்குங்க. கஞ்சி குடுத்ததும் அரை மணி நேரமாவது சாஞ்சு உக்காந்த மாதிரியே இருக்கட்டும்.

கடைமடை வாத்தியார்:
மேட்டூர் திறந்தா தண்ணி எத்தனாவது நாள் நம்ம வாய்க்காலுக்கு வரும்னு கணக்கு சொல்றோம்ல, வயசானவங்க கூடிக்கிட்டே போறதும் அப்படித்தான், தெரிஞ்சே வர்றது. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுல 60 தாண்டினவங்க நூத்துக்குப் பத்து பேர் சொச்சம், 2031ல 18 ஆகும்னு மத்திய அரசே கணிச்சு வச்சிருக்கு. கிண்டில 200 பெட்டோட முதியோர் ஆஸ்பத்திரி 2024ல திறந்தாங்க, நல்லதுதான், ஆனா பக்கவாதம் வந்தவரைத் தூக்கிட்டு மாயவரத்துலேர்ந்து கிண்டிக்கா போக முடியும்? ஆக்சிடெண்டுக்கு முதல் 48 மணி நேரம் இலவசம்னு 2021ல கொண்டு வந்தாங்க, எத்தனையோ உசிரு பொழைச்சுது. 49வது மணியிலேர்ந்து யாரு பாக்குறதுன்னுதான் யாரும் பேச மாட்டேங்குறாங்க.

தென்காசி சீமை:
பெட்டு பெட்டுன்னே பேசுதீங்களே வாத்தியாரே, பெட்டு போட்டா மட்டும் போதுமா, பக்கத்துல நின்னு நடக்க வைக்க ஆள் வேணும்லா? எங்க பக்கம் ஆய்க்குடில அமர் சேவா சங்கம் 1981லேர்ந்து நடத்துதாங்க, ஊர்க்காரங்களுக்கே பயிற்சி குடுத்து வீட்டுக்கு வீடு அனுப்புதாங்க. பிசியோ படிச்ச புள்ளைக வேலை இல்லாம ஜிம்முல நிக்கி, முதல்ல அதுகள வேலைக்கு எடுக்கச் சொல்லுங்க.

பிசியோ அக்கா:
ஆள் வேணும்னு சொல்றது சரிதான் அண்ணாச்சி, ஆனா ட்யூப் போட்டவங்க, முதுகுத்தண்டு அடிபட்டவங்க எல்லாரையும் வீட்டுல வச்சுப் பாக்க முடியாது, படுக்கைப்புண் வந்து மறுபடி ஐசியூவுக்கே போனவங்களை நான் பாத்திருக்கேன். ரெண்டும் வேணும்.

மாயவரத்தான்:
ரொம்ப நன்றி அக்கா. கீழ் வீட்டு மாமி வாசல் ரூமை மூணு மாசத்துக்குத் தரேன்னுட்டாங்க, கட்டில் வாடகைக்குச் சொல்லியாச்சு, நாளைக்கு டிஸ்சார்ஜ். அம்மா இப்பவே என் இடுப்புல துண்டைச் சுத்தித் தூக்கிப் பழகுறாங்க.