வியெர்னுக்கு மணி சரியாகக் கேட்கவில்லையா?

சுருதிசுத்தம்: பிரெஞ்சு இசையமைப்பாளர் லூயி வியெர்ன் ஆர்கனுக்கு (காற்றுக்குழாய் வாத்தியம்) எழுதிய 'கரியோன் த வெஸ்ட்மின்ஸ்டர்', லண்டன் கடிகாரக் கோபுரத்தின் பிக் பென் மணியோசையின் அச்சு அசல் நகலாம். நேற்று இங்கே ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு கால்மணிக்கும் ஒரு மெட்டு அடிக்குமே, அதில் இரண்டாவது கால்மணியைக் காது கொடுத்துக் கேட்டீர்களா சார்? கோபுரத்தில் அடிப்பது ஒன்று, வியெர்ன் எழுதியது வேறு.

பாரிஸ்பித்தன்: அந்த மேதாவி நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 1900 முதல் சாகும்வரை பாரிஸின் நோட்ர தாம் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவருக்கு நாலு சுரம் பிடிபடாதா? வேண்டுமென்றே மாற்றியிருப்பார்.

சுருதிசுத்தம்: ஆதாரம்? ஆர்கன் கட்டும் ஹென்றி வில்லிஸ் மெட்டை முணுமுணுத்துக் காட்டினார், இவர் எழுதிக்கொண்டார் என்றுதான் கதை. அவர் தப்பாகப் பாடினாரோ, இவர் தப்பாகக் கேட்டாரோ, இரண்டாவது கால்மணி தப்பு.

காலணா: நீங்கள் சொன்னால் கதையும் ஆதாரம், அவர் சொன்னால் ஊகம். நல்ல நியாயம்! வியெர்ன் அந்தப் படைப்பை அர்ப்பணித்ததே வில்லிஸுக்குத்தான். தப்பாகப் பாடிக்காட்டிய ஆளுக்கு யாராவது அர்ப்பணிப்பார்களா?

சுருதிசுத்தம்: தப்பு என்று தெரிந்திருந்தால்தானே!

துருத்தி: பாவம், பார்வை இல்லாத மனிதர். விடுங்களேன்.

பாரிஸ்பித்தன்: பிறவியிலேயே பார்வை மிகக் குறைவு, அடியோடு இல்லாமல் இல்லை. அப்புறம், கண்ணுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? அந்த மணிகள் ஈ மேஜர் சுருதியில் அடிக்கின்றன, வியெர்ன் டி மேஜரில் எழுதினார். அதுவும் தப்பா?

சுருதிசுத்தம்: பேச்சை மாற்றாதீர்கள். சுருதியை யாரும் மாற்றலாம். நான் கேட்பது இரண்டாவது கால்மணி.

மணியாட்டி: பிக் பென் என்பது மணிக்கணக்கு அடிக்கும் பெரிய மணி மட்டும்தான். கால்மணி அடிப்பவை வேறு நாலு மணிகள். மெட்டும் லண்டனுடையது இல்லை, கேம்பிரிட்ஜ் தேவாலயத்திலிருந்து வந்தது. இருவருமே தப்பு.

சுருதிசுத்தம்: உங்களை யாரும் கூப்பிடவில்லை.

துருத்தி: மெல்லத் தொடங்கி, கடைசியில் முழு ஆர்கனும் திறந்து அந்த மணி இடிக்கிற இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறியும். 1927 நவம்பரில் நோட்ர தாமில் அவரே முதல்முறை வாசித்தபோது யாராவது கால்மணி எண்ணிக்கொண்டிருந்திருப்பார்களா?

சுருதிசுத்தம்: லண்டன்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் எண்ணியிருப்பார். மயிர்க்கூச்செறிந்தால் தப்பு சரியாகிவிடுமா? 1879-இல் வந்த, பிரெஞ்சுக்காரர் விடோரின் ஆர்கன் படைப்பான டொக்காட்டாவை இருபதாம் நூற்றாண்டு என்று போன மாதம் சாதித்த பித்தனாருக்கு வேண்டுமானால் சரியாகும்.

பாரிஸ்பித்தன்: அது தட்டச்சுப் பிழை. அப்போதே சொன்னேன்.

காலணா: நூற்றாண்டையே மாற்றுகிற தட்டச்சுப் பிழையா, அண்ணே?

பாரிஸ்பித்தன்: நீ யார் பக்கம்?

சுருதிசுத்தம்: பக்கமெல்லாம் இருக்கட்டும். இரண்டாவது கால்மணிக்கு இன்னும் பதில் வரவில்லை.