அமெரிக்காவில் யூனியன் வேலையை விடப்போகிறீர்களா? முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள்

கட்டுமானம், ஹோட்டல், லாரி போன்ற தொழில்களில் பல முதலாளிகள் சேர்ந்து பணம் கட்டும் பென்ஷன் நிதிகள் இருக்கின்றன. இது அவற்றில் இருப்பவர்களுக்கு. வேலையை விட்டால் எல்லாம் போச்சு என்று சிலர் பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். ‘வெஸ்டிங்’ (பென்ஷன் உரிமை உறுதியாவது) முடிந்துவிட்டால் அதுவரை சேர்ந்த பென்ஷன் உங்களுடையது; யூனியன் உறுப்பினராகத் தொடராவிட்டாலும் அதைப் பறிக்க முடியாது.

வெஸ்டிங்குக்குப் பொதுவாக 5 வருட சர்வீஸ் வேண்டும். பெரும்பாலான திட்டங்களில் 1,000 மணி நேரம் வேலை செய்தால்தான் அது ஒரு வருடம். நாலு வருடம் முடித்து, ஐந்தாவதில் 960 மணியோடு ராஜினாமா கொடுத்தால் அந்த வருடம் கணக்கில் வராமல் போகலாம். இன்னும் ஒரே வாரம், 40 மணி நேரம், இருந்துவிட்டுப் போங்கள். தேதியை முடிவு செய்யும் முன் பென்ஷன் நிதியின் அலுவலகத்திடம் மணிக்கணக்கை எழுத்தில் கேளுங்கள். முதலாளி அனுப்பிய கணக்கில் மணிகள் விடுபடுவது சகஜம், அதனால் சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

வெஸ்டிங் ஆகாமல் விலகினால் ஒரே நாளில் எதுவும் அழியாது. 500 மணிக்கு மேல் வேலை செய்யாத வருடம் ‘பிரேக்’ ஆகிறது. தொடர்ந்து ஐந்து பிரேக் விழுந்தால் பழைய சர்வீஸை ரத்து செய்யத் திட்டத்துக்கு உரிமை உண்டு. பிரசவத்துக்காக விடுப்பு எடுத்தால், பிரேக் விழாமல் இருக்க 501 மணி வரை கணக்கில் சேர்ப்பார்கள். இதைக் கேட்டு வாங்குங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அதே கம்பெனியில் இடைவெளி இல்லாமல் சூப்பர்வைசர் போன்ற யூனியன் அல்லாத பதவிக்கு மாறினால், அந்த மணிகள் வெஸ்டிங்குக்குச் சேரும். பென்ஷன் தொகைதான் கூடாது. இந்த மணிகள் நிதியின் பதிவில் பெரும்பாலும் இருக்காது. வேலைச் சான்றைக் காட்டி நீங்கள்தான் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

வேறு ஊர் யூனியன் கிளைக்குப் போகிறவர்கள், இரண்டு நிதிகளுக்கும் இடையே பரஸ்பர ஒப்பந்தம் (அங்கே கட்டும் பணத்தை உங்கள் பழைய நிதிக்கு மாற்றும் ஏற்பாடு) இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் படிவத்தை முதல் வாரமே கொடுங்கள். தாமதமானால் கடந்த மாதங்களுக்கான பணம் மாறாமல் போகலாம்.

வெஸ்டிங்கோடு விலகியவருக்கும் இழப்பு உண்டு. மாதம் 360 டாலர் பென்ஷன் என்று சேர்ந்திருந்தால், 65 வயதிலும் பெரும்பாலும் அதே 360தான், விலைவாசிக்கேற்ப ஏறாது. முழு சர்வீஸ் முடித்தவர்களுக்கான சீக்கிர ஓய்வுச் சலுகையும் பொதுவாகக் கிடைக்காது.

அரசு தரும் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி இதில் சேராது. அதற்கு 40 கிரெடிட் (வேலை செய்து வரி கட்டுவதால் சேரும் புள்ளிகள்) தனிக்கணக்கு, யூனியன் வேலையா இல்லையா என்று பார்ப்பதில்லை.

வீடு மாறும்போதெல்லாம், நாடு திரும்பினாலும், நிதி அலுவலகத்துக்குப் புது முகவரியைத் தெரிவியுங்கள்.